ட்ரெயின் நம்பர் இல்லாத டிக்கெட்: சப்அர்பன் ஸ்டேஷன்னா என்னன்னு ஒரு மதுரைக்காரன் விளக்கம்

போன வருசம் எங்க அக்கா மகனுக்கு மெட்ராஸ்ல வேலை கெடச்சிச்சு. சோழவந்தான்ல பொறந்து வளந்த பய, ட்ரெயின்னா அவனுக்கு வைகையும் பாண்டியனும்தான், மிச்சத்துக்கெல்லாம் பஸ்சு. வேலைக்குப் போன மொத நாளு காலைல எட்டு மணிக்கு போன் அடிக்கிறான். "மாமா, பார்க் ஸ்டேஷன்ல நிக்கிறேன், குரோம்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டேன், இதுல ட்ரெயின் பேரும் இல்ல நம்பரும் இல்ல, எதுல ஏறுறது?"ங்குறான். "மாப்ள, தாம்பரம்னோ செங்கல்பட்டுன்னோ போர்டு போட்டு எது மொதல்ல வருதோ அதுல ஏறு"ன்னேன். "டைம் என்ன மாமா?" "டைம்லாம் பாக்காதடா." அதுக்கு அவன் கேட்டான் பாருங்க, "டைம் பாக்காம எப்டி மாமா ஒருத்தன் ஸ்டேஷனுக்குப் போவான்?"னு, அந்தக் கேள்விக்குப் பதில்தான் இம்புட்டும். போன்ல சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதிட்டேன்.

நம்மூர் பாசஞ்சர் டிக்கெட்லயும் ட்ரெயின் நம்பர் இருக்காதுதான், அது எனக்கும் தெரியும். ஆனா சோழவந்தான்ல காலைல எந்த வண்டி நிக்கும், எத்தன மணிக்கு நிக்கும்ங்கிறது டீக்கடைக்காரர்ல இருந்து வெத்தலக் கூடை தூக்குறவங்க வரைக்கும் ஊருக்கே அத்துப்படி, அதனால நம்பர் இல்லாதது ஒரு குறையாவே தெரியாது. மெட்ராஸ்ல அப்டி இல்ல, அங்க வண்டிய யாரும் ஞாபகம் வச்சிக்கிறதே இல்ல.

இப்டி யோசிச்சுப் பாருங்க. பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து திருப்பரங்குன்றம் போகணும், எத்தன மணிக்கு பஸ்சுன்னு யாராச்சும் பாத்துட்டா கிளம்புறோம்? போய் நிப்போம், வரும், ஏறுவோம். ஒண்ணு கூட்டமா இருந்தா விட்டுட்டு அடுத்ததுல போவோம். அதே ஆளு ட்ரெயின்ல போறதுன்னா அரமணி நேரம் முன்னாடியே கிளம்பி, தண்ணி பாட்டிலு, புளிச்சோறு, கோச் எங்க நிக்கும்னு பாத்து அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுன்னு அது ஒரு வைபவம். சப்அர்பன் ஸ்டேஷன்னா என்னன்னா, டவுன் பஸ் ஸ்டாப் மாதிரி நடந்துக்கிற ரயில்வே ஸ்டேஷன், அவ்ளோதான். தண்டவாளம் ஒண்ணுதான், கரண்டு ஒண்ணுதான், மஞ்சப் பலகை ஒண்ணுதான். ஆனா அங்க ஆளுங்க ஒரு குறிப்பிட்ட ட்ரெயினுக்காகக் காத்திருக்கல, அடுத்து வர்றதுக்காகக் காத்திருக்காங்க. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் பிளாட்பாரத்தோட உயரத்துல இருந்து சிக்னல் வரைக்கும் எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்காங்க.

பேருல இருந்தே ஆரம்பிப்போம். மெட்ராஸ்காரங்க இத எலெக்ட்ரிக் ட்ரெயின்னுதான் சொல்வாங்க. நம்மூர்ல இப்ப வைகைல இருந்து பாண்டியன் வரைக்கும் கரண்ட்லதான் ஓடுது, ஆனா அத யாரும் எலெக்ட்ரிக் ட்ரெயின்னு சொல்றதில்ல, ஏன்னா அந்தப் பேரு 1931லேயே பீச் - தாம்பரம் வண்டிக்கு ஒட்டிக்கிருச்சு. அப்ப சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி காலம், மத்த வண்டியெல்லாம் கரியத் தின்னுட்டு பொகை விட்டுக்கிட்டு ஓடுது, இது மட்டும் மேல கம்பியப் புடிச்சிக்கிட்டு சத்தமில்லாம ஓடுது, அப்ப ஜனங்க வேற என்ன பேரு வைக்கும். அதுவும் மீட்டர் கேஜ் லைன்ல, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்தான் இருக்கும். இந்தியாவுல மொதல்ல கரண்ட் வண்டி ஓடுனது 1925ல, பம்பாய் விக்டோரியா டெர்மினஸ்ல இருந்து குர்லாவுக்கு, அது பிராட் கேஜ், அகலமான லைன். மீட்டர் கேஜ்ல மொதல்ல கரண்ட் இழுத்தது நம்ம மெட்ராஸ்தான். அந்த மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் வண்டி 2004 வரைக்கும் ஓடுச்சு. நான் வேலை பாக்கப் போன காலத்துல அதுல போயிருக்கேன், அகலம் கம்மி, எதுத்தாப்ல உக்காந்திருக்கவர் முட்டியும் நம்ம முட்டியும் இடிச்சிக்கிட்டேதான் போகும்.

அதே கம்பெனிதான் நம்ம லைனையும் போட்டது, ஆனா அது வேற சோலிக்குப் போட்டது. திருச்சில இருந்து மதுரைக்கு 1875ல ரயில் வந்துச்சு, அடுத்த வருசமே தூத்துக்குடி வரைக்கும் போயிருச்சு. அந்த அவசரத்தப் பாத்தாலே தெரியும், அவங்களுக்கு வேண்டியது துறைமுகம். பஞ்சும் மத்த சரக்கும் கப்பலுக்குப் போகணும், கொழும்புக்குப் போறவங்க போகணும். வழியில ஸ்டேஷன் வேணும்ல, நீராவி இன்ஜினுக்கு அங்கங்க தண்ணி புடிக்கணும், ஒத்த லைன்ல எதுக்க வர்ற வண்டிக்கு ஒதுங்கி வழி விடணும், அந்தக் கணக்குலதான் ஸ்டேஷன் பெரும்பாலும் விழுந்துச்சு. ஆளு எங்கன இருக்கான், எங்க வேலைக்குப் போறான்னு பாத்து வச்சதில்ல. அப்பறம் 1902ல மண்டபம் பக்கம் போற லைன் வந்துச்சு, 1928ல போடி லைன் வந்துச்சு, போடி லைன் ஏலக்காயும் மலைச்சரக்கும் எறக்குறதுக்கு. ஆக மதுரைய சுத்தி நாலு தெசையிலயும் தண்டவாளம் இருக்கு, ஆனா நாலுமே தூரத்து ஊருக்காகப் போட்டது.

இது பேச்சுக்கு சொல்லல, எண்ணிப் பாத்தா தெரியும். பீச்சுல இருந்து தாம்பரம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். நடுவுல கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், ரெண்டு முனையும் சேத்து 18 ஸ்டேஷன். அதாவது ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒண்ணு. இப்ப நம்ம பக்கம் வாங்க, மதுரை - திண்டுக்கல் 60 கிலோமீட்டருக்கு மேல. கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துறை, அப்பறம் திண்டுக்கல். சராசரி 9 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். ஒன்றே முக்கால் கிலோமீட்டர்ன்னா எந்த வீட்டுல இருந்து கிளம்பினாலும் நடந்து போயிரலாம், 9 கிலோமீட்டர்ன்னா ஸ்டேஷனுக்குப் போகவே ஒரு பஸ்சு புடிக்கணும், பஸ்சுல ஏறியாச்சுன்னா அப்டியே மதுரைக்கே போயிறலாமேன்னு தோணும்ல. நம்மாளுக ட்ரெயின்ல போகாததுக்கு சோம்பேறித்தனம் காரணம்னு சொல்றவங்ககிட்ட எனக்குக் கோவம் வர்றது இதுக்குத்தான்.

அடுத்து சிக்னல். இது கொஞ்சம் பொறுமையா படிக்கணும், ஆனா மொத்த ரகசியமும் இங்கதான் இருக்கு.

பழைய போடி லைன்ல, மீட்டர் கேஜ் காலத்துல, ஒரு காட்சி எனக்கு அப்டியே கண்ணுல நிக்குது. வண்டி ஸ்டேஷனுக்குள்ள மெதுவா வரும்போது ஒருத்தர் பிளாட்பாரத்துல பிரம்பு வளையம் ஒண்ணத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு, கடாய் மூடி அளவை விடப் பெருசு, அதுல ஒரு தோல் பை தொங்கும், பைக்குள்ள ஒரு இரும்பு உருண்டை. இன்ஜின்ல இருக்கவரு ஒரு கையில பழைய வளையத்த எறிஞ்சிட்டு இந்தக் கையில புது வளையத்த தோள் வரைக்கும் கோத்து வாங்கிக்குவாரு. சின்னப்பயலா இருந்தப்ப அது ஏதோ வித்தைன்னு நெனச்சேன். அந்த உருண்டைதான் டோக்கன். இந்த ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவுல இருக்க லைனுக்கு அத வச்சிருக்கவர்தான் ராஜா, அது கைல இல்லாம வேற எந்த வண்டியும் அதுக்குள்ள நுழைய முடியாது.

இப்ப பிரம்பு வளையம் போயிருச்சு, கம்ப்யூட்டரும் கலர் லைட்டும் வந்தாச்சு, ஆனா தத்துவம் நம்ம பக்கம் பொதுவா அதேதான். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு லைன்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு வண்டி. முன்னாடி போன வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேந்தாத்தான் ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் குடுப்பாரு, அப்பறம்தான் பின்னாடி வண்டிய விடுவாங்க. 9 கிலோமீட்டர, மணிக்கு 60ல போனா 9 நிமிசம், நின்னு கிளம்புறதச் சேத்தா பத்துப் பன்னெண்டு நிமிசம். அப்ப ஒரு மணி நேரத்துல ஒரு பக்கமா அஞ்சு வண்டிக்கு மேல விடுறது கஷ்டம். அந்த அஞ்சுக்குள்ளதான் எக்ஸ்பிரஸ், வந்தே பாரத், கூட்ஸ் எல்லாம் வரணும். சப்அர்பன் லைன்ல அப்டி இல்ல, ஆட்டோமேட்டிக் சிக்னல்னு வச்சிருப்பாங்க. ஸ்டேஷன் இருக்கோ இல்லையோ, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் கம்பம், முன்னாடி வண்டி ஒரு கம்பத்தத் தாண்டிப் போகப் போக பின்னாடி கம்பம் தானா சிவப்புல இருந்து மஞ்சளுக்கும், அப்பறம் பச்சைக்கும் மாறும், யாரும் போன் போட்டு லைன் கிளியர் கேக்கத் தேவையில்ல. ஒரு வண்டி வாலப் பாத்துக்கிட்டே அடுத்த வண்டி வரும். கிண்டில நின்னு பாத்தா ஒண்ணு கிளம்பி மறையுறதுக்குள்ள அடுத்ததோட லைட் தெரியுறது இதனாலதான்.

அதோட அங்க லோக்கல் வண்டிக்குன்னே தனி ரெண்டு லைன் ஒதுக்கி இருக்கு, எக்ஸ்பிரஸ்சுக்கு வேற லைன். நம்ம சோழவந்தான் பக்கம் டபுள் லைன் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அதே ரெண்டுலதான் எல்லாமே. மானாமதுரை பக்கம், போடி பக்கம் இன்னமும் ஒத்த லைன்தான். ராமேஸ்வரம் பாசஞ்சர்ல போயிருந்தீங்கன்னா சிலைமான்லயோ திருப்புவனத்துலயோ காரணமே தெரியாம வண்டி நிக்கும், எல்லாரும் எட்டிப் பாப்பாங்க, ஒருத்தர் மட்டும் "கிராசிங்கு"ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிருவாரு. எதுக்க ஒண்ணு வந்து தாண்டுற வரைக்கும் நாம நிக்கணும். கீழடி மியூசியம் 2023ல தொறந்ததுல இருந்து சனி ஞாயிறு அந்தப் பக்கம் போற கூட்டம் நிறைய, சிலைமான் ஸ்டேஷன் கிட்டத்துலதான், ஆனா போறவங்கள்ல எத்தன பேரு ரயில்ல போறாங்கன்னு நெனைக்கிறீங்க. கிராசிங்குல நிக்கிற வண்டிய நம்பி யாரும் பிள்ளைகளக் கூட்டிட்டு கிளம்ப மாட்டாங்க.

இப்ப பிளாட்பாரத்துக்கு வருவோம். இதப் பத்தி யாருமே பேசுறதில்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

சப்அர்பன் வண்டி ஒரு ஸ்டேஷன்ல நிக்கிறது அரை நிமிசம்தான். அந்த அரை நிமிசத்துல நூறு பேரு எறங்கி நூறு பேரு ஏறணும். அதுக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, கதவு பெருசா இருக்கணும். எக்ஸ்பிரஸ் பெட்டில ரெண்டு ஓரத்துல மட்டும் ஒல்லியா ஒரு கதவு இருக்கும், ஒருத்தன் பெட்டியோட நின்னா பின்னாடி பத்துப் பேரு நிக்கணும். லோக்கல் பெட்டில நடுவுலயும் வாசல் இருக்கும், ரெண்டு மூணு பேரு ஒண்ணா எறங்குற அகலம், உள்ள நின்னுட்டுப் போறதுக்கு மேல கைப்பிடி தொங்கும். ரெண்டாவது, பிளாட்பாரம் ஒசரமா இருக்கணும். ஒசரமான பிளாட்பாரம்னா தண்டவாளத்துக்கு மேல 76ல இருந்து 84 சென்டிமீட்டர். நடுத்தரம்னா 45 சென்டிமீட்டர் சொச்சம். சில சின்ன ஸ்டேஷன்ல அதுவும் கெடையாது, பிளாட்பாரம் தண்டவாளத்தோட தண்டவாளமா தரைல கெடக்கும். பெட்டியோட தரை ஒரு மீட்டருக்கும் மேல இருக்குங்கிறத ஞாபகம் வச்சிக்கோங்க.

எங்க அம்மா ஒரு தடவ பாசஞ்சர்ல இருந்து அப்டி ஒரு தாழ்வான பிளாட்பாரத்துல எறங்குனாங்க. கையில ஒரு பை, முட்டி வலி வேற. மொதல்ல பைய எறக்கி வச்சாங்க, அப்பறம் திரும்பி நின்னு வண்டியப் பாத்த மாதிரி கம்பி ரெண்டையும் புடிச்சிக்கிட்டு, ஏணில எறங்குற மாதிரி ஒரு காலத் தொங்கவிட்டு படிய தேடுறாங்க, படி எட்டுது, தரை எட்டல. கீழ நின்ன ஒரு பூக்கார அக்காதான் "ஆத்தா, விட்டுருங்க, நான் புடிச்சிக்கிறேன்"னு இடுப்பப் புடிச்சு எறக்கி விட்டுச்சு. மொத்தம் ஒரு நிமிசத்துக்கு மேல ஆச்சு, ஒரே ஒரு ஆளு எறங்குறதுக்கு. இதே மாதிரி ஒரு பெட்டிக்கு அஞ்சு பேரு இருந்தா வண்டி எப்ப கிளம்பும், பின்னாடி வர்ற வண்டி எங்க நிக்கும். பிளாட்பாரத்த ஒரு அடி ஒசத்துனா கெடைக்கிறது வயசானவங்களுக்கு வசதி மட்டும் இல்ல, ஒரு மணி நேரத்துல கூடுதலா ஓட்டுற வண்டியும்தான்.

பிளாட்பாரம் எப்டி அமைஞ்சிருக்குங்கிறதும் முக்கியம். ரெண்டு லைனுக்கு ரெண்டு ஓரத்துலயும் தனித்தனி பிளாட்பாரம் இருந்தா அது ஒரு வகை. ரெண்டு லைனுக்கும் நடுவுல ஒரே ஒரு பிளாட்பாரம் தீவு மாதிரி இருந்தா அது இன்னொரு வகை, மெட்ராஸ்ல நெறைய ஸ்டேஷன் இப்டித்தான். தீவுல ஒரு சுகம் என்னன்னா, மாடிப் பாலத்துல ஏறி எறங்கியாச்சுன்னா எந்தப் பக்கம் போற வண்டியா இருந்தாலும் அங்கனயே நின்னுக்கலாம், எடது பக்கம் வந்தா தாம்பரம், வலது பக்கம் வந்தா பீச்சு. நான் புதுசுல ஒரு ஸ்டேஷன்ல, ரெண்டு ஓரமும் பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷன் அது, தப்பான பக்கம் நின்னு, எதுத்த பக்கம் என் வண்டி வர்றதப் பாத்துட்டு பாலத்துல ஓடி, மேல ஏறி நடுவுல நிக்கும்போது கீழ அது கிளம்பிருச்சு. மேல இருந்து வண்டியோட கூரையப் பாத்துட்டே நின்னேன். பக்கத்துல நின்னவர் சிரிக்கவும் இல்ல, பரிதாபப்படவும் இல்ல, "அடுத்தது வருது சார்"ன்னு கையக் காட்டுனாரு, நெஜமாவே வந்துக்கிட்டு இருந்துச்சு. மதுரைல இதே மாதிரி ஒரு வண்டிய விட்டிருந்தா அன்னைக்குப் பொழப்பே போயிருக்கும்.

வண்டியப் பத்தி ரெண்டு வரி. எக்ஸ்பிரஸ்ல மொத்த பலமும் முன்னாடி இருக்க இன்ஜின்ல, அது இருவது பெட்டிய இழுத்து வேகம் எடுக்க நேரம் ஆகும், கடைசி ஸ்டேஷன்ல இன்ஜினக் கழட்டி அந்தப் பக்கம் கொண்டு போய் மாட்டணும். லோக்கல் வண்டில இன்ஜினே கெடையாது, மோட்டார் பெட்டிகளுக்கு அடியிலயே பிரிச்சு வச்சிருப்பாங்க, ரெண்டு முனையிலயும் டிரைவர் ரூம் இருக்கும். அதனால சட்டுன்னு வேகம் எடுக்கும், சட்டுன்னு நிக்கும், கடைசி ஸ்டேஷன்ல டிரைவர் பிளாட்பாரத்துல நடந்து அந்த முனைக்குப் போனா போதும், வண்டி திரும்பியாச்சு. ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு தடவ நிக்கிற வண்டிக்கு இது இல்லன்னா ஆகாது. லேடீஸ் பெட்டி, ஃபர்ஸ்ட் கிளாஸ் இதெல்லாம் தெரிஞ்சதுதான், ஆனா வெண்டர் பெட்டின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, கூடை, மூட்டையோட வர்ற சின்ன வியாபாரிகளுக்குன்னே ஒதுக்குனது, அது எனக்குப் பிடிக்கும். சோழவந்தான் வெத்தலைக்கும் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிக்கும் அப்டி ஒரு பெட்டி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்னு நெனச்சுக்குவேன், விடியக்காலம் பூ மார்க்கெட்டுக்கு வர்ற மினி டெம்போ பாதி கொறஞ்சிரும்.

டிக்கெட்டும் சேத்துச் சொல்லிர்றேன். சப்அர்பன்ல கொறஞ்ச டிக்கெட் 5 ரூபா, நம்ம பாசஞ்சர்ல 10 ரூபா. கொரோனாவுக்கு அப்பறம் பாசஞ்சர எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்னு ஓட்டுனப்ப அது 30 ஆகி, 2024ல திரும்ப 10க்கு வந்துச்சு. தெனமும் போறவங்களுக்கு சீசன் டிக்கெட், அது நம்ம பக்கமும் உண்டு, 150 கிலோமீட்டர் வரைக்கும் எடுக்கலாம், திண்டுக்கல் - மதுரை, விருதுநகர் - மதுரைல சீசன் டிக்கெட் ஆளுங்க ஒரு தனி ஜாதி, அவங்களுக்குன்னு எடம், சீட்டுக்கட்டு, சண்டை எல்லாம் உண்டு. வசதியான வண்டி நாளுக்கு ரெண்டு மூணு இருந்தாலே இவ்ளோ பேரு போறாங்கங்கிறத கவனிக்கணும்.

கட்டடத்தப் பத்தி நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலைன்னு பாத்திருப்பீங்க. வேணும்னுதான் விட்டேன், ஏன்னா சப்அர்பன் ஸ்டேஷன்ல கட்டடம்தான் கடைசி. என் மருமகன் நின்னானே அந்த பார்க் ஸ்டேஷன், அது ஒண்ணும் பெரிய மாளிகை இல்ல. பக்கத்துல சிவப்பா நிக்கிற சென்ட்ரல் முன்னாடி அது இருக்கதே தெரியாது. ஆனா சப்வேல எறங்கி ரோட்டத் தாண்டுனா சென்ட்ரல், இந்தப் பக்கம் நடந்தா, பாலத்து மேல ஓடி வேளச்சேரி போற பறக்கும் ரயிலோட பார்க் டவுன் ஸ்டேஷன், பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அந்தத் தம்மாத்துண்டு ஸ்டேஷன்ல அவ்ளோ கூட்டம் எறங்குறது இதுக்குத்தான். அதுக்கு நேர்மாறா பறக்கும் ரயில் ஸ்டேஷன்களப் பாருங்க. 1995ல பீச்சுல இருந்து சேப்பாக்கம், 1997ல மயிலாப்பூர், 2007ல வேளச்சேரி வரைக்கும்னு வந்துச்சு, ஒவ்வொண்ணும் மாடி மேல மாடியா கோட்டை மாதிரி, உள்ள போனா நம்ம காலடிச் சத்தம் நமக்கே கேக்கும். பஸ்சு எங்க நிக்குது, ஆளு எங்க போறான்னு பாக்காம கட்டுனா எம்புட்டு சிமெண்டு போட்டாலும் இப்டித்தான்.

மதுரை ஜங்ஷனுக்கு அந்தக் குறை இல்ல. வெளிய வந்தா மங்கம்மா சத்திரம், நேரா டவுன்ஹால் ரோடு, அந்தக் கடைசில கோயிலு, எடப்பக்கமோ வலப்பக்கமோ யார்கிட்ட கேட்டாலும் பெரியாருக்கு வழி சொல்வாங்க, நடந்தே போயிரலாம். ஊருக்கு நட்ட நடுவுல வந்து எறக்கி விடுற ஸ்டேஷன், இப்டி ஒண்ணு கெடைக்காம எத்தனையோ ஊரு தவிக்குது. 2022 மே 26ஆம் தேதி இத புதுசாக் கட்ட அடிக்கல் நாட்டுனாங்க, அதே விழாவுலதான் பிராட் கேஜ் ஆன மதுரை - தேனி லைனையும் தொறந்து வச்சாங்க, 2010 கடைசில நிப்பாட்டுனது, பதினோரு வருசத்துக்கு மேல ஆச்சு. அடுத்த வருசம் போடி வரைக்கும் போச்சு. ஒரு தலைமுறை பிள்ளைக உசிலம்பட்டி ஸ்டேஷன்ல ட்ரெயினையே பாக்காம பத்தாவது முடிச்சிருச்சு.

மெட்ரோ வரும்னாங்களே, அதக் கேப்பீங்க. திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் கிட்டத்தட்ட 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டாங்க, 2025 நவம்பர்ல மத்திய அரசு 2011 சென்சஸ்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லன்னு சொல்லி கோயம்புத்தூரோடதையும் சேத்துத் திருப்பி அனுப்பிருச்சு. அது சரியா தப்பான்னு டீக்கடைல நாள்பூரா பேசலாம். என் யோசனை வேற, திருமங்கலம், திருப்பரங்குன்றம், ஜங்ஷன், கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான்னு ஒரே கோட்டுல, டபுள் லைன்ல, கரண்ட் கம்பியோட ஏற்கனவே ஒண்ணு கெடக்கு, நீளமும் பீச் - தாம்பரத்த விட ஒண்ணும் ரொம்ப அதிகமில்ல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அது போகாது, ஒத்துக்குறேன். ஆனா நடுவுல நாலு சின்ன ஸ்டேஷனு, ஒசரமான பிளாட்பாரம், கம்பம் கம்பமா சிக்னலு, ரெண்டு முனையிலயும் டிரைவர் ரூம் வச்ச வண்டி நாலஞ்சு. இன்னொரு லைன் போட எடம் கெடைச்சா இன்னும் நல்லது, இல்லன்னா கூட்ஸோட மல்லுக்கட்டணும்.

ஆடி மாசம் மருமகன் லீவுல வந்திருந்தான். கூடல்நகர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு பெரியாருக்குத் திரும்பணும். "ஸ்டேஷன் பக்கத்துலதான மாமா இருக்கு, ட்ரெயின்லயே போயிரலாம்"னான், டைமே பாக்கல, மெட்ராஸ் பழக்கம் ஒட்டிக்கிருச்சு. சரி வான்னு நானும் போனேன். பெஞ்சுல உக்காந்தோம், வேப்ப மரத்துக் காத்து நல்லா வந்துச்சு. ஒரு எக்ஸ்பிரஸ் நிக்காம போச்சு, தூசி அடங்க ரெண்டு நிமிசம் ஆச்சு. ஒரு கூட்ஸு போச்சு, அவன் பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தான். அப்பறம் இன்னொரு எக்ஸ்பிரஸ், அதுவும் நிக்கல. முக்கால் மணி நேரம் கழிச்சு போன எடுத்துப் பாத்தான், நின்னு போற அடுத்த வண்டி ராத்திரிதான். எந்திரிச்சு ரோட்டுக்கு வந்து டவுன் பஸ் ஏறுனோம். ஆரப்பாளையத்துக்கு முன்னாடியே டிராபிக்ல மாட்டி பெரியார் போய்ச் சேர நாப்பது நிமிசம் ஆச்சு, ட்ரெயின்ல அது பத்து நிமிச தூரம்.